ஜாடிக்கு ஏற்றிய சாயம் கூந்தலுக்கு வரும்போது

ரோஜாச் செடியில் நீலப் பூ பூப்பதில்லை. சம்பங்கியில் பச்சை கிடையாது. சாமந்தியில் மயில்கழுத்து நிறம் கிடையாது. ஆனாலும் பெங்களூரு சிவாஜிநகரில் பொக்கே கட்டும் கடைகளுக்கு முன்னால் நிற்கும் பிளாஸ்டிக் வாளிகளில் இந்த நிறங்களெல்லாம் கிடைக்கின்றன. மேடைத் திரைக்கு ஏற்ற நீலம் வேண்டுமா, ரிசப்ஷன் புடவைக்குப் பொருந்தும் ஊதா வேண்டுமா, முதல் நாளே சொல்லிவைத்தால் மறுநாள் காலையில் தயார். வெள்ளை டெய்சி நீலமாகும், வெள்ளை ஆர்க்கிட் கருநீலமாகும், ரோஜாவின் விளிம்பில் ஜிகினா மினுங்கும்.

இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வெறும் அலங்காரம்தானே, இதில் பேச என்ன இருக்கிறது என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்புமே பார்க்கத் தவறுவது பூ போய்ச் சேரும் இடத்தை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாயப் பூ பெரும்பாலும் ஒரு ஜாடியில் நின்று, வாடி, குப்பைக்குப் போகிறது. நம் ஊர்ப் பூ அப்படியல்ல. வியர்க்கும் கழுத்தில் மாலையாக விழுகிறது, எண்ணெய் தடவிய கூந்தலில் நாள் முழுக்க இருக்கிறது, சாமியின் மேல் சாத்தப்பட்டுப் பிரசாதத்தோடு கைக்கு வருகிறது. ஜாடிக்கென்று பிறந்த ஒரு தொழில்நுட்பம் கூந்தலுக்கு இடம் மாறியிருக்கிறது. சாயப் பூவைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் அந்த இடமாற்றத்தில்தான் இருக்கின்றன.

சிவாஜிநகர் அந்த மாற்றத்தைப் பார்க்கச் சரியான இடம். கண்டோன்மென்ட் காலத்தில் பிளாக்பள்ளி என்று அழைக்கப்பட்ட பகுதி இது. பட்டாளத்தோடும் பட்டாளத்துக்கு வேண்டிய தொழில்களோடும் வந்து குடியேறிய தமிழர்கள், தக்கனி உருது பேசும் முஸ்லிம்கள், கன்னடக்காரர்கள் எல்லாரும் ஒரே சந்தில் வியாபாரம் செய்யும் ஊர். நகராட்சி ஆணையராக இருந்த ரஸ்ஸலின் பெயரைத் தாங்கிய ரஸ்ஸல் மார்க்கெட் 1927இல் கட்டப்பட்டு 1933இல் திறக்கப்பட்டது. 2012 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பல கடைகள் எரிந்தன. வியாபாரம் நின்றுவிடவில்லை. சந்தைக்கு எதிரே 1882இல் அர்ச்சிக்கப்பட்ட புனித மரியன்னை பேராலயம் நிற்கிறது. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 ஆரோக்கிய அன்னை திருவிழா வரை காவி உடுத்திய பக்தர்கள் அந்தத் தெருக்களை நிறைப்பார்கள். அன்னைக்குச் சேலை உடுத்தி, தேருக்குப் பூ சாத்துவார்கள். அதே கடைகளிலிருந்து முஸ்லிம் மாப்பிள்ளைக்குச் சேரா என்னும் முகப்பூச்சரம் போகிறது, தர்காவுக்குப் பூப்போர்வை போகிறது, அம்மன் கோயிலுக்கு மாலை போகிறது, கண்டோன்மென்ட் தேவாலயக் கல்யாணத்துக்குக் கைப்பொக்கே போகிறது. ஜாடிப் பூவும் கூந்தல் பூவும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இடம் இது.

சாயம் ஏறும் விதத்தைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அடுக்குச் சம்பங்கித் தண்டுகள் ஒரு கட்டு. வந்ததும் அவற்றைத் தண்ணீரில் வைப்பதில்லை, நிழலில் கொஞ்ச நேரம் தாகத்தோடு கிடக்க விடுகிறார்கள். பிறகு தண்டின் அடியைச் சாய்வாக ஓர் அங்குலம் நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் கலர் பவுடர் கரைத்த வாளியில் நிறுத்துகிறார்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு அடியில் விரிந்திருக்கும் பூவின் இதழில் நரம்புகள் மட்டும் கோடு கோடாகத் தெரியத் தொடங்கும். அடுத்து விளிம்பு நிறம் பிடிக்கும். நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே உள்ள சதை கடைசியில்தான் நிறம் கொள்ளும். நுனி மொட்டுகள் பாதி வெளுப்பாகவே நின்றுவிடுவதும் உண்டு. காற்றோட்டமும் வெளிச்சமும் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். மழை மூட்டமான நாளில் அதே வாளி மந்தமாகிவிடும். வேண்டிய அழுத்தம் வந்ததும் தண்டைக் கழுவி நல்ல தண்ணீருக்கு மாற்ற வேண்டும். பேராசைப்பட்டு இன்னும் கொஞ்சம் விட்டால் விளிம்பு கருகிவிடும்.

இங்கே பூ சாயத்தைக் குடிக்கிறது என்று சொல்வது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. இலையும் இதழும் காற்றில் ஈரத்தை விட விட, தண்டுக்குள் இருக்கும் நீர்க்குழாய்கள் அடியிலிருந்து தண்ணீரை மேலே இழுக்கின்றன, இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது போல. இதழுக்கு வந்த தண்ணீர் ஆவியாகிவிடும். அதோடு வந்த சாயத்துக்கு ஆவியாகத் தெரியாது, அங்கேயே தங்கிவிடும். நரம்பும் விளிம்பும் அழுத்தமாக இருப்பதன் காரணம் இதுதான்.

இந்த வித்தையைத் தாவரவியல்தான் முதலில் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டது. செடிக்குள் சாறு எந்த வழியாக ஏறுகிறது என்று தெரியாத காலத்தில், 1733இல் பிரான்சில் டி லா பைஸ் என்ற பெயரில் எழுதிய ஒரு பாதிரியார், பைட்டோலாக்கா என்னும் செடியின் சிவந்த பழச்சாற்றில் செடிகளை வைத்து நிறம் ஏறும் பாதையைப் பின்தொடர்ந்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் தாவரவியலாளர் எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர், உயிரணுக்களைக் கொல்லும் திரவங்களையும் சாயங்களையும் மரத்தண்டுக்குள் ஏற்றி, உயிர் போன தண்டும் தண்ணீரை மேலே கொண்டுபோவதைக் காட்டினார். 1894இல் டப்ளினில் டிக்சனும் ஜோலியும் முன்வைத்த நீர் இழுப்புக் கோட்பாட்டுக்கு இத்தகைய சோதனைகள் வழிவகுத்தன. பள்ளிக்கூடத்தில் காசித்தும்பைச் செடியைச் சிவப்பு மைத் தண்ணீரில் வைத்துத் தண்டு சிவப்பதைப் பார்த்த எல்லாருக்கும் இந்தச் சோதனையின் ஒரு துண்டு தெரிந்தே இருக்கும்.

ஒரு நுட்பம் இதில் முக்கியமானது. எல்லாச் சாயமும் தண்டில் ஏறாது. நீர்க்குழாயின் சுவரில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. மாலக்கைட் கிரீன், மெத்திலீன் புளூ போன்ற காரச் சாயங்களில் நேர்மின்னூட்டம் இருப்பதால் அவை சுவரிலேயே ஒட்டிக்கொண்டு தண்டின் அடியிலேயே தங்கிவிடுகின்றன. எதிர்மின்னூட்டம் உள்ள அமிலச் சாயங்கள் சுவரில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு இதழ்வரை போய்ச்சேரும். இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டு: பொன்சோ 4ஆர், கார்மோசின், எரித்ரோசின், டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, இண்டிகோ கார்மைன், பிரில்லியன்ட் புளூ, ஃபாஸ்ட் கிரீன். எட்டுமே இந்த வழுக்கும் வகைதான். மளிகைக் கடையில் கிடைக்கும் ஃபுட் கலர் சம்பங்கிக்கு அத்தனை அழகாக ஏறுவது அதனால்தான். தண்டு வழியாகச் சாயம் ஏற்றுகிறவருக்குத் துணிச்சாயத்தைத் தேடிப்போக வேண்டிய தொழில்நுட்பக் கட்டாயம் எதுவும் இல்லை.

பூவின் நிறத்தை மாற்றும் ஆசை மிகப் பழையது. ஸ்பெயினில் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு வேளாண் அறிஞர் இப்னுல் அவ்வாமின் நூலிலேயே ரோஜாவை நீலமாக்கும் பேச்சு இருக்கிறது. 1856இல் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு, தண்டில் ஏற்றக்கூடிய நிறங்கள் மலிந்தன. 1892 பிப்ரவரியில் லண்டனில் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் நாடகம் ஒன்று முதன்முதலில் அரங்கேறியபோது அவரும் நண்பர்களும் சட்டையில் பச்சைக் கார்னேஷன் குத்திக்கொண்டு வந்தார்கள். அந்தப் பச்சை சாயத்தில் நின்று வந்தது. இன்றும் அயர்லாந்துக்காரர்களின் புனித பாட்ரிக் நாளுக்கு வெள்ளைக் கார்னேஷன்கள் பச்சையாகின்றன.

2000களின் நடுவில் நெதர்லாந்தில் பீட்டர் வான் டி வெர்கன் என்ற மலர் வியாபாரி இந்த வித்தையை ஒரு படி மேலே கொண்டுபோனார். ஒரு ரோஜாவின் தண்டைப் பல கீற்றுகளாகப் பிளந்து, ஒவ்வொரு கீற்றையும் வெவ்வேறு நிறக் குப்பியில் வைத்தார். ஒவ்வொரு கீற்றும் தனக்கு நேரான இதழ்களுக்கு மட்டும் நிறம் கொண்டுபோனதால் ஒரே பூவில் வானவில் வந்தது. 2011இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு பண்ணை, வேரோடு உள்ள ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் தண்டில் நீலச் சாயத்தை ஏற்றி ‘புளூ மிஸ்டிக்’ என்ற பெயரில் விற்றது. வாங்கியவர் வீட்டில் அதே செடி அடுத்து விட்ட பூ வெள்ளை. செடியின் குணம் மாறவில்லை, அந்த ஒரு பூக்கொத்தின் நிறம் மட்டுமே மாறியிருந்தது. நம் ஊர்ப் பொக்கேகளில் வரும் கருநீல டென்ட்ரோபியமும் இந்த ஜாதிதான், வெள்ளைப் பூவில் ஏற்றிய நீலம்.

சாயம் ஏற்றுவதன் பின்னால் ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் விவசாயிக்கும் வியாபாரிக்கும் அநியாயம் செய்ததாகும்.

சம்பங்கியை எடுத்துக்கொள்வோம். மெக்சிகோவிலிருந்து வந்து நம் மண்ணோடு ஒட்டிப்போன கிழங்குச் செடி. சத்தியமங்கலத்துச் சம்பங்கி இரவோடு இரவாக லாரி ஏறிப் பல ஊர்ச் சந்தைகளுக்குப் போகிறது. கர்நாடகத்திலும் மைசூரு, துமகூரு பக்கமெல்லாம் பயிராகிறது. பெங்களூருக்குப் பக்கத்திலேயே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சிருங்கார், சுவாசினி, பிரஜ்வல், வைபவ் என்று நல்ல ரகங்களைக் கொடுத்திருக்கிறது. விளைச்சல் கூடியது, தண்டு நீண்டது, பூ பெரிதானது. நிறம் மட்டும் மாறவில்லை. பிரஜ்வலின் மொட்டில் லேசான இளஞ்சிவப்பு ஓடும், விரிந்தால் வெள்ளை. லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் கதிர்வீச்சு கொடுத்து உருவாக்கிய ரஜத் ரேகா, ஸ்வர்ண ரேகா என்ற ரகங்களிலும் வெள்ளிக்கோடும் பொற்கோடும் இலையில்தான் வந்தன. தைவானில் சிவந்த பூ விடும் காட்டு உறவுச் செடியோடு கலந்து நிறச் சம்பங்கி உண்டாக்கியிருக்கிறார்கள். நம் வயல்களில் அது இன்னும் பரவவில்லை.

வெள்ளை மட்டுமே விளையும் பயிரை வைத்திருப்பவருக்கு முகூர்த்தம் இல்லாத மாதம் பெரிய சோதனை. வரத்து அதிகமாகி விலை விழும் நாளில் மூட்டை மூட்டையாகப் பூவைக் குப்பையில் கொட்டும் காட்சி தமிழ்நாட்டு மலர்ச் சந்தைகளுக்கும் கர்நாடகச் சந்தைகளுக்கும் புதிதல்ல. அந்த நேரத்தில் ஒரு பொட்டலம் நிறத்தூள் ஒரு கட்டுச் சம்பங்கியை மேடை அலங்காரத்துக்கு உரியதாக்குகிறது. சம்பங்கி, கிளாடியோலஸ், ஆஸ்டர் ஆகியவற்றுக்கு உணவு நிறம் ஏற்றுவதை வேளாண் பல்கலைக்கழகங்களே மதிப்புக்கூட்டும் முறையாக ஆராய்ந்து, எந்த நிறத்தை எத்தனை மணி நேரம் ஏற்றினால் பூ நாள்பட நிற்கும் என்று பார்த்திருக்கின்றன. ஆக இது ஒளிந்து செய்ய வேண்டிய வேலையே இல்லை. ஒளித்து விற்பதுதான் தவறு. நீல ரோஜாவை ‘இம்போர்ட்டட்’ என்று சொல்லிப் பல மடங்கு விலைக்குக் கொடுப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் நேர்மையற்ற வணிகத்துக்குள் வரக்கூடிய விஷயம்.

அசல் நீலம் எவ்வளவு கடினமானது என்று தெரிந்தால் அந்தப் பொய்யின் அளவு புரியும். ரோஜா, கார்னேஷன், சாமந்தி மூன்றுக்கும் டெல்ஃபினிடின் என்ற நீல நிறமியைச் செய்யும் நொதி இல்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் ஃப்ளோரிஜீனும் பல ஆண்டுகள் பாடுபட்டு, பான்சிப் பூவின் மரபணுவை ரோஜாவுக்குள் வைத்து, 2004இல் அறிவித்து, 2009இல் ‘அப்ளாஸ்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஒரு பூவின் விலை 2,000 முதல் 3,000 யென். அத்தனைக்குப் பிறகும் வந்த நிறம் வெளிர் ஊதாதான், ரோஜா இதழின் சாற்றில் உள்ள அமிலத்தன்மை நீலத்தை முழுதாக வெளிப்பட விடவில்லை.

சாமந்தியில் கதை இன்னும் அழகானது. 2017இல் ஜப்பான் ஆய்வாளர்கள் உண்மையிலேயே நீலமான சாமந்தியை உருவாக்கினார்கள். அதற்கு இரண்டு செடிகளிலிருந்து மரபணு எடுத்தார்கள். ஒன்று ஐரோப்பாவின் மணிப்பூ வகை. இன்னொன்று நம் வேலியோரத்தில் படரும் சங்குப்பூ! சிவபூஜைக்குப் பறிக்கும் அந்த நீலம்தான் சாமந்திக்குள் போனது. ஆனால் இத்தகைய செடி எதுவும் இந்தியாவில் வயலுக்கு வர, மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். இப்போதைக்குச் சிவாஜிநகரில் யாராவது நீல ரோஜா கொடுத்தால் அது வாளியில் நின்று வந்ததுதான்.

சாயத்தொழிலின் இன்னொரு முனை தூத்துக்குடியில் இருக்கிறது. இந்தியாவின் மலர் ஏற்றுமதியில் நெடுங்காலமாகப் பெரும்பங்கு உலர் மலர்களுக்கே. அதன் பெரிய மையம் அந்தத் துறைமுக நகரம். காய்ந்த தாமரைக் காய், பருத்திக் காய், பாளை, புல்கதிர் எல்லாவற்றையும் முதலில் வெளுத்து, பிறகு வேண்டிய நிறத்தில் தோய்த்து, காயவைத்து, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புகிறார்கள். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அங்கே சாயம் ஒளிவுமறைவில்லாத பண்டம், வாங்குகிறவர் தெரிந்தே வாங்குகிறார். அந்தப் பூவும் ஜாடிக்குத்தான் போகிறது, யாரும் அதைத் தலையில் வைப்பதில்லை.

தலையில் வைக்கும் பூவின் சங்கதி முற்றிலும் வேறு. தண்டு வழியாகச் சாயம் ஏற வேண்டுமென்றால் தண்டு வேண்டும். நம் கூந்தலுக்குப் போகும் மல்லிகையும் முல்லையும் காகடாவும் மொட்டாகக் கிள்ளி எடுத்த உதிரிப்பூ. அதற்குக் குடிக்க வழியில்லை. மாலைக்குக் கோக்கும் உதிர்சம்பங்கியும் அப்படித்தான். ஆகவே மணப்பெண்ணின் வேணியும் பூஜடையும் புடவை நிறத்துக்கு வர வேண்டுமென்றால் தோய்க்க வேண்டும், அல்லது ஸ்பிரே அடிக்க வேண்டும். தண்டேறிய சாயம் இதழுக்குள் அடைபட்டிருக்கிறது. தோய்த்ததும் தெளித்ததும் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன, வியர்வை பட்டால் கழுத்துக்கு இறங்குகின்றன, பட்டு ரவிக்கையில் கறையாகின்றன. ஜாடியில் நிற்கும் பூவுக்குப் பாதுகாப்பான வழியும், உடம்பில் ஒட்டும் பூவுக்கு ஒட்டிவரும் வழியும் என்று தலைகீழாக அமைந்துவிட்டது. மேலே பூசுவதற்கு எந்தச் சாயமும் எந்தப் பெயின்ட்டும் ஒட்டும் என்பதால், ஃபுட் கலர்தான் வேண்டும் என்ற இயற்கையான கட்டுப்பாடும் இங்கே இல்லாமல் போகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் கவலை கூடுகிறது. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்த பஞ்சு மிட்டாயைத் தடை செய்தன. மார்ச் 11ஆம் தேதி கர்நாடக சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டு ராவ், கோபி மஞ்சூரியனிலும் பஞ்சு மிட்டாயிலும் செயற்கை நிறம் கூடாது என்று அறிவித்தார். சோதித்த 171 கோபி மாதிரிகளில் 107 பாதுகாப்பற்றவை என்று வந்திருந்தது. ஜூன் மாதம் கபாபுக்கும் அதே தடை. கபாபுக்குப் பேர்போன சிவாஜிநகர்த் தெருக்களில் அது பெரிய பேச்சாயிற்று. ஆக, கபாப் அடுப்பில் எந்த நிறம் போடுகிறார்கள் என்று கேட்க அதிகாரிக்குச் சட்டம் இருக்கிறது. அதே தெருவில் பூ நிற்கும் வாளியில் என்ன கரைத்திருக்கிறது என்று கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை, பூ உணவல்ல என்பதால்.

துணிக்குக்கூட ஒரு வரம்பு உண்டு. தோலில் படும் துணியில் சில அசோ சாயங்கள் உடைந்து புற்றுநோய்க்குக் காரணமாகும் அமீன்களாக மாறக்கூடும் என்று ஜெர்மனி 1994இல் தடை கொண்டுவந்தது. 1997 மார்ச்சில் இந்திய அரசும் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. முடிக்கும் முகத்துக்கும் பூசும் பொருள்களில் என்ன நிறம் சேர்க்கலாம் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4707 என்ற பட்டியல் இருக்கிறது. தலையில் வைக்கும் பூ துணியும் அல்ல, ஒப்பனைப் பொருளும் அல்ல. வயிற்றுக்கும் தோலுக்கும் தனித்தனியே காவல் போட்டவர்கள், பூ வழியாகத் தோலுக்கு வருவதை எண்ணிப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த விதிகளின் மூலவடிவம் தலையில் பூ வைக்காத நாடுகளிலிருந்து வந்தது. இந்த இடைவெளியைச் சரிசெய்ய வேண்டியவர்கள் பூ வைக்கும் நாட்டுக்காரர்கள்தான், அதிலும் தென்னிந்தியர்கள்.

உணவின் எல்லைக்குள் பூ நுழையும் இடங்களும் பெருகிவருகின்றன. கேக்கின் மேல் அசல் ரோஜாவைக் குத்துகிறார்கள், தட்டின் ஓரத்தில் ஆர்க்கிட் வைக்கிறார்கள், சர்பத்தில் இதழ் தூவுகிறார்கள். பொக்கேக்கு வாங்கிய மிச்சம் கேக்குக்குப் போனால் தடுப்பார் இல்லை. க்ரீமின் ஈரம் பட்டதும் இதழின் நீலம் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வாங்குகிறவர் கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன. தண்டின் வெட்டுவாயைப் பாருங்கள், சாயம் குடித்த பூவின் அடி நிறம் பூண்டிருக்கும். இலை நரம்பிலும் புல்லிவட்டத்திலும் அந்த நிறத்தின் சாயல் ஓடும், நீல ரோஜாவின் இலை நரம்பு கருநீலமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். வீட்டில் ஜாடித் தண்ணீர் மறுநாள் நிறம் மாறும். உதிரிப்பூவாக இருந்தால் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு மொட்டை வைத்து அழுத்தினால் போதும். மோந்தும் பார்க்கலாம்: தண்டேறிய சாயம் சம்பங்கி மணத்தை மறைப்பதில்லை, ஸ்பிரே அடித்ததில் பெயின்ட் வாடை முந்திக்கொண்டு வரும்.

வழிபாட்டுக்குச் சாயப் பூ ஆகுமா என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. எந்தத் தெய்வத்துக்கு எந்தப் பூ என்று வகுத்த மரபு இது. தாழம்பூவைச் சிவனுக்கு விலக்கி வைத்தவர்கள், பூ நேற்றையதா இன்றையதா என்று பார்த்தவர்கள், தோய்த்த பூவை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. பெங்களூரின் பூத்திருவிழாவான கரகத்தையே பார்க்கலாம். தோட்டக்காரச் சமூகமான திகளர்கள் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து எடுக்கும் கரகம் முழுக்க மல்லிகை. அந்த வெள்ளைதான் அதன் கம்பீரம். அதற்கு யாரும் நிறம் தேடவில்லை.

நிறமே வேண்டும் என்றாலும் சாயத்தை விட்டு வேறு வழி நம்மிடம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையில் கட்டும் மாணிக்க மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிவப்பு அரளி, வெள்ளை அரளி, பச்சை நொச்சி இலை, இவ்வளவுதான் முதல். இதழை மடித்து நெருக்கி வைக்கும் கைத்திறத்தில் மாணிக்கம் பதித்த பட்டை போல ஒளி வருகிறது. கனகாம்பரத்தின் ஆரஞ்சு, வாடாமல்லியின் ஊதா, மரிக்கொழுந்தின் பச்சை எல்லாம் விலையும் அதிகமில்லை, கழுத்தில் கறையும் வைப்பதில்லை. புடவையின் மயில்நீலத்துக்கு மயில்நீலப் பூவே வேண்டும் என்ற பிடிவாதத்தைத் தளர்த்தினால், பூக்கட்டுகிறவரின் கைவேலைக்கு மறுபடி மதிப்பு வரும். இதில் இந்தக் கட்டுரைக்கு ஒரு சார்பு இருக்கிறது என்றால், அது அந்தக் கைகளின் பக்கம்.

சாயத்தை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. மேடை அலங்காரத்துக்கும் ஜாடிக்கும் தண்டேறிய நிறம் நல்ல வழி, விவசாயிக்கும் உதவி. செய்ய வேண்டியது சில காரியங்கள். தண்டில் ஏற்றுகிறவர்கள் உணவு நிறத்தையே, முத்திரை உள்ள பொட்டலமாக வாங்கிப் பயன்படுத்தலாம். அதை மதிப்புக்கூட்டலாக ஆராயும் பல்கலைக்கழகங்கள் அந்த அறிவை வாளியோடு உட்கார்ந்திருக்கும் கடைப்பையனுக்குப் புரியும் மொழியில், சிவாஜிநகரில் என்றால் தமிழிலும் உருதுவிலும் கன்னடத்திலும், கொண்டுவந்து சேர்க்கலாம். கையுறை போடச் சொல்லலாம். நாள் முழுக்க நீலமும் பச்சையுமாகக் கை ஊறிக் கிடப்பது அவனுக்குத்தான், வாங்குகிறவருக்கு அல்ல. கூந்தலுக்கும் மாலைக்கும் போகும் உதிரிப்பூவில் தோய்ப்பதையும் ஸ்பிரே அடிப்பதையும் பொறுத்தவரை, ஒப்பனைப் பொருளுக்கு உள்ள நிறப் பட்டியலைப் பூவுக்கும் நீட்டுவது அரசு செய்யக்கூடிய சின்ன வேலை. அது வரும்வரை, மணப்பெண்ணுக்கு வேணி கட்டச் சொல்லும் வீட்டார் “கலர் போட்டதா? எதில் போட்டது?” என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுக்கலாம்.

இன்னும் ஓர் இடம் பாக்கி இருக்கிறது. கான்பூரில் தொடங்கிய ‘ஃபூல்’ போன்ற முயற்சிகள் கோயிலில் சாத்திக் கழித்த பூவை ஊதுபத்தியாக மாற்றிக் காட்டிய பிறகு, பல ஊர்களில் நிர்மாலியத்தைத் தனியாகச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள், மக்கிய உரமாகவும் ஆக்குகிறார்கள். அங்கே இதழ்களைப் பிரித்துப்போடும் பெண்களின் கைக்குச் சாமந்தியோடு சேர்ந்து ஸ்பிரே அடித்த ரோஜாவும் ஜிகினா ஒட்டிய டெய்சியும் வருகின்றன. பெயின்ட் பூவை எரித்தால் அதன் புகை பூஜையறையில்தான் சுற்றும். ஜிகினா பெரும்பாலும் பிளாஸ்டிக், உரத்தில் மக்காது. ஆகவே அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒதுக்குவதும் அந்தப் பெண்களின் வேலையில் சேர்ந்துவிடுகிறது.